தோடியின் காந்தாரத்துக்கு ஒரு கட்டம்

சிகந்தராபாதின் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் வாழ்கின்றனர். பாட்டி பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கர்நாடக இசை சொல்லிக்கொடுத்து வருபவர். மகள் ஹைடெக் சிட்டியில் ஒரு நிறுவனத்தில் கைப்பேசிச் செயலிகளுக்கு இடைமுகம் வடிவமைப்பவர். பேத்திக்குப் பத்து வயது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே தடையின்றி நடமாடுகிறவள்.

குழந்தைகள் தாமே இசையமைத்து விளையாடுவதற்கான செயலி ஒன்றை மகளின் நிறுவனம் உருவாக்கி வருகிறது. அதன் சோதனை வடிவம் சில வாரங்களாகப் பேத்தியின் கையில் இருக்கிறது. திரை முழுவதும் கட்டங்கள். இடமிருந்து வலமாகக் காலம் நகரும். கீழிருந்து மேலாகச் சுருதி உயரும். ஒரு கட்டத்தைத் தொட்டால் அது நிறம் கொள்ளும். சின்னஞ்சிறு பறவை ஒன்று அதன்மீது வந்தமர்ந்து அந்த ஸ்வரத்தைப் பாடும். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் காதுக்கு உறுத்தாத ஓசையே பிறக்கும். பேத்தி முதல் நாளிலேயே ஒரு பூனையின் உருவத்தை வரைந்து, அந்தப் பூனை எப்படிப் பாடுகிறது என்று கேட்டு மகிழ்ந்தாள்.

ஒரு மாலை, பாடம் முடிந்ததும், அவள் எட்டுக் கட்டங்களைப் படிக்கட்டுபோல் அடுக்கி ஒலிக்கவிட்டாள்.

“பாட்டி, இங்க பாரு. நீ சொல்லிக்குடுத்த சரளி வரிசை.”

பாட்டி கண்ணை மூடிக் கேட்டார். “நல்லா இருக்கு கண்ணு. ஆனா இது சங்கராபரணம். நம்ம பாடம் மாயாமாளவகௌளை.”

சிக்கல் எளிதில் தீர்ந்தது. செயலி திறக்கும்போது மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேல் தானாகவே அமைந்திருக்கும். அதன் ஏழு ஸ்வரங்கள் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களே. அமைப்புகளுக்குள் சென்று பன்னிரண்டு ஸ்வரத்தானங்களையும் காட்டும் தெரிவை எடுத்து, 1, 2, 5, 6, 8, 9, 12 என்ற வரிசைகளில் பறவைகளை அமர்த்தியதும் மாயாமாளவகௌளை வந்துவிட்டது. பேத்திக்கு வெற்றிக் களிப்பு. ஆனால் அந்தக் களிப்பினூடே ஒரு சிறு பாடமும் அவளுக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது: பள்ளித் தோழி இசைக்கும் ஸ்வரவரிசை திரை திறந்ததும் கிடைப்பது, பாட்டி கற்பிக்கும் ஸ்வரவரிசை அமைப்புகளுக்குள் சென்று தேடி எடுக்கவேண்டியது. மொழியியலாளர் இதற்குக் ‘குறிபெறாத வடிவம்’, ‘குறிபெற்ற வடிவம்’ என்று பெயரிடுவர். இயல்பெனக் கொள்ளப்படுவது அடையாளம் எதுவும் வேண்டாமல் நிற்கும். விலகலெனக் கொள்ளப்படுவதே ஒட்டுச் சுமக்கும். இடைமுகத்துக்கும் இந்த இலக்கணம் உண்டு. செயலியின் முதல் திரை எதைத் தானாக வைத்திருக்கிறதோ அதுவே உலகின் இயல்பு என்று பத்து வயதுக் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல் அடுத்த வாரம் வந்தது. அது அமைப்புகளால் தீரவில்லை.

செயலியில் பாடிப் பதியும் வசதியும் உண்டு. பாடினால், குரலின் சுருதிக்கு அண்மையிலுள்ள வரிசையில் பறவை சென்று அமரும். பேத்தி ஆதார சுருதியைப் பாட்டியின் ஐந்து கட்டைக்கு மாற்றிவைத்து, “ஏதாவது பாடு” என்றாள். பாட்டி தோடியின் காந்தாரத்தைப் பிடித்தார். பறவைகள் பரபரத்தன. ஒன்று ரிஷபத்தின் வரிசையில் அமர்ந்தது, அடுத்தது மத்யமத்தில், அதற்கடுத்தது மீண்டும் ரிஷபத்தின் அருகில். காந்தாரத்துக்குரிய நான்காம் வரிசை வெறுமையாகவே இருந்தது.

“பாட்டி, நீ காந்தாரமே பாடல.”

“நான் பாடினது காந்தாரம் மட்டும்தான்.”

இருவரும் சொன்னது உண்மை. தோடியில் சாதாரண காந்தாரம் ஓரிடத்தில் அசையாது நிற்பதில்லை. குரல் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்து செல்லும் அந்த அசைவு முழுவதையும் சேர்த்தே தேர்ந்த செவி ‘காந்தாரம்’ என்று கேட்கிறது. ஸ்வரம் என்பது கர்நாடக இசையில் ஒரு புள்ளியின் பெயராக இருப்பதைவிட ஒரு நடத்தையின் பெயராக இருப்பதே மிகுதி. நான்காம் வரிசையில் அசையாத பறவையை அமர்த்தினால் அளவுகோலின்படி காந்தாரம் கிடைக்கும், தோடி கிடைக்காது.

அன்றிரவு வீடு திரும்பிய மகளிடம் இது சொல்லப்பட்டபோது அவர் சோர்வுடன் சிரித்தார். கட்டத்தைத் தேர்ந்ததற்கு அவரிடம் வலுவான காரணங்கள் உண்டு. அவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

சுருதியை மேலும் கீழுமாகவும் காலத்தை இடமும் வலமுமாகவும் காட்டும் பழக்கம் நெடியது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கைடோ கோடுகளின்மீது சுருதிகளை நிறுத்தும் முறையை ஒழுங்குபடுத்தினார். பாடகர் முன்பின் கேட்டிராத பாடலையும் பார்த்துப் பாட அது வழிசெய்தது. அண்மைக் காலத்தில் இக்கோடுகளை விளையாட்டாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஜப்பானியக் கலைஞர் தோஷியோ இவாய். 2005இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக அவர் உருவாக்கிய ‘எலக்ட்ரோபிளாங்க்டன்’ விளையாட்டில், திரையில் நீந்தும் நுண்ணுயிர்களைத் தொட்டும் திருப்பியும் இசை எழுப்பலாம். யமஹா நிறுவனத்துடன் அவர் வடிவமைத்து 2007இல் வெளிவந்த ‘தெனோரி-ஆன்’ 16க்கு 16 என்ற ஒளிப்பொத்தான்களின் சதுரம். 2008இல் பிரையன் ஈனோவும் பீட்டர் சில்வர்ஸும் ஐபோனுக்கென வெளியிட்ட ‘புளூம்’ செயலியில், தொட்ட இடத்தில் நீர்வளையம்போல் ஒரு வட்டம் விரிய, ஒரு நாதம் பிறந்து திரும்பத் திரும்ப ஒலித்து மெல்ல மறையும். 2018இல் வந்த கூகுளின் ‘சாங் மேக்கர்’ வண்ணக் கட்டங்களை உலகெங்கும் வகுப்பறைகளுக்குக் கொண்டுசேர்த்தது.

இவற்றின் கொடை பெரிது. கருவியைத் தொடும் முதற்கணத்தில் எழும் அச்சத்தை இவை நீக்கின. கர்நாடக இசையில் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஆண்டுக்கணக்கில் நடந்த பிறகே கற்பனை ஸ்வரத்தின் வாயில் திறக்கும். அதற்குள் பாதிக் குழந்தைகள் விலகிவிடுகின்றனர். தாயிடம் பயின்று பதினான்கு வயதில் பாட்டை நிறுத்தியவர்களுள் அந்த மகளும் ஒருவர். “தப்புப் பண்ணிடுவோமோன்னு பயந்து பயந்துதாம்மா நான் பாட்டையே விட்டேன். இதுல தப்பே வராது. அதுதான் இதோட அழகு” என்றார் அவர்.

பாட்டி உடனே மறுமொழி சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “தப்பே வராதுன்னா சரியும் வராதே” என்றார்.

தவறு நேராத இடைமுகம் எவ்வாறு உருவாகிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தவறுக்கு இடமளிக்கும் ஒலிகளை முன்கூட்டியே அகற்றிவிடுவதால் அது உருவாகிறது. இரு கட்டங்களுக்கு இடைப்பட்ட வெளியில்தான் அபஸ்வரம் வாழ்கிறது. கமகமும் அங்கேயேதான் வாழ்கிறது. ஒன்றை வெளியேற்றும் கதவு மற்றதையும் வெளியேற்றிவிடுகிறது.

எழுத்துக்கும் இந்தக் குறை உண்டே, அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். தமிழெழுத்தே நல்ல சான்று. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலிப்பு மூன்று. எழுத்து சொல்லாததைப் படிப்பவரின் நாவு இட்டு நிரப்புகிறது. ஹைதராபாதில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இது அன்றாட வேடிக்கை. தெலுங்கில் கோலத்துக்கு ஒரு சொல், மூக்குக்கு ஒரு சொல். செவிக்கு இரண்டும் வேறுவேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ‘முக்கு’. வாசலில் முக்குப் போட்டார்கள் என்று எழுதினால், அந்நகரத்துத் தமிழர் எவரும் வாசலில் மூக்கைத் தேடமாட்டார்.

இசைக் குறிமானமும் இவ்வாறே இயங்கிவந்திருக்கிறது. குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களோடு சேர்ந்து நான்கு வடிவங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்வரத்துக்குள் வேறுபாடு உண்டு என்பதைப் பொறித்தவர் அறிந்திருந்தார். அந்த நான்கும் எவற்றைக் குறித்தன என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. கல் தங்கிவிட்டது, கல்லைப் படித்துப் பாடிய குரல் தங்கவில்லை. 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ இந்த இழப்பைத் தடுக்க முயன்ற பெருநூல். கமகங்களுக்கென்றே தனிக்குறிகளை அது ஸ்வரங்களின்மேல் இட்டது. அக்குறிகளும் அறிந்தவருக்கு நினைவூட்டுவனவாகவே நின்றன. அறியாதவர் அவற்றைப் பார்த்துத் தோடி பாடிவிட இயலாது.

ஏட்டுக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது. ஏட்டில் ‘க’ என்று எழுதியிருந்தால், அதைப் பார்க்கும் பாடகர் ராகம் அறிந்து அசைத்துப் பாடுவார். எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே ஒரு மனிதர் இருக்கிறார். செயலியில் அந்த நடுமனிதர் இல்லை. கட்டம் எதைச் சொல்கிறதோ அதையே இயந்திரம் அப்படியே ஒலிக்கிறது. குறிமானத்தின் குறையை இட்டு நிரப்ப ஆளில்லாதபோது, அந்தக் குறையே இசையாகிவிடுகிறது. குழந்தையின் செவிக்கும் அதுவே பழகிவிடுகிறது.

கட்டத்தை விட்டுக் கோட்டைத் தேர்ந்தவர்களும் உண்டு. 2011 முதல் 2017 வரை பார்சிலோனாவின் போம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த ‘காம்ப்மியூசிக்’ ஆய்வுத் திட்டம், இந்திய இசையையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, பாடும் குரலின் சுருதியைத் தொடர்கோடாகப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. சென்னை ஐஐடியும் மும்பை ஐஐடியும் அதில் பங்குகொண்டன. அத்திட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற கோபால கிருஷ்ண கோடூரி, அதற்குமுன் ஹைதராபாதின் ஐஐஐடியில் ஆய்வு செய்தவர். அந்த ஆய்வுகளின் வழிவந்ததே ‘ரியாஸ்’ என்னும் பாட்டுப் பயிற்சிச் செயலி. ஆசிரியரின் குரல் ஒரு கோடாகத் திரையில் ஓட, கற்பவரின் குரல் அதன்மீது மற்றொரு கோடாக ஓடும். தோடியின் காந்தாரத்தை இக்கோடு மறைப்பதில்லை. அலையாக, உள்ளபடி காட்டுகிறது.

மகள் அதையும் ஆராய்ந்திருந்தார். பயிற்சிக்கு அது அரிய துணை என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே குழந்தையின் வேலை, முன்னே ஓடும் கோட்டைப் பின்தொடர்வது. தன் பூனையை வரைந்து பாடச்சொல்ல அதில் இடமில்லை. கட்டத்தில் விளையாட்டு இருக்கிறது, கமகம் இல்லை. கோட்டில் கமகம் இருக்கிறது, விளையாட்டு இல்லை. வடிவமைப்பாளரின் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டிலும் அவருக்கு முழு மனநிறைவு இல்லை.

தொடுதிரையால் கமகம் இயலாது என்பது இதற்கு விடையாகாது. ‘ஜியோஷ்ரெட்’ என்னும் ஐபேட் இசைக்கருவியில் விரலை இழுத்து, அசைத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். மகேஷ் ராகவன் அதில் கர்நாடக இசையை வாசித்து உலகறியச் செய்திருக்கிறார். புனேயைச் சேர்ந்த சந்தீப் ரானடே உருவாக்கிய ‘நாத்சாதனா’ பாடுபவருக்கு உடனுக்குடன் பக்கவாத்தியம் அமைத்துத் தருகிறது. 2021இல் ஆப்பிளின் வடிவமைப்பு விருதும் பெற்றது. கண்ணாடித்திரைக்குக் கமகம் அந்நியமானதன்று. ஆயினும் இவை இசை அறிந்தவருக்கே முழுமையாகத் திறக்கும் கதவுகள். அறியாத குழந்தையின் முதற்கணத்துக்கு உரிய வடிவம் எது என்ற கேள்வி எஞ்சியே நின்றது.

விடைபோன்ற ஒன்று மார்கழியில் ஒரு விடியலில் வந்தது. அடுக்ககத்தின் வாசலில் பாட்டி புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பேத்தி அருகில் குந்தியிருந்தாள். புள்ளிகளைச் சேர்த்துக் கோடிழுக்கும் கோலம் அவளுக்குத் தெரியும். அன்று பாட்டி போட்டது சிக்குக் கோலம். தெலுங்கில் மெலிகல முக்கு. இழை ஒரு புள்ளியையும் தொடாது, ஒவ்வொன்றையும் வளைத்துச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்.

“பாட்டி, இது அன்னிக்கு நீ பாடின காந்தாரம் மாதிரி இருக்கு.”

பாட்டியின் விரல் ஒரு கணம் நின்றது. “ஆமாம். புள்ளி இல்லாம இழை நிக்காது. ஆனா இழை புள்ளி மேல உக்காராது.”

இந்த ஒப்புமை கணினியியலுக்கு அந்நியமானதன்று. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களை வாய்பாட்டு இலக்கணங்களின் வழி ஆராய்ந்து எழுதினர். வாக்கியம் எப்படி விதிகளால் பிறக்கிறதோ, அப்படியே கோலமும் விதிகளால் பிறக்கும் என்று அவ்வாய்வு காட்டியது. இசையை உருவில் வைத்து ஆடிப்பார்க்கும் எண்ணமும் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியருக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களையே இட்டு, வட்டமாக நிறுத்திக் கைகோத்து ஆடவைக்கிறாள். அங்கே ஸ்வரத்துக்கு உடல் உண்டு, நின்ற இடம் உண்டு, அசைவும் உண்டு.

அன்று மகள் அலுவலகத்துக்கு மெட்ரோவில் செல்கையில், கைப்பேசியை எடுக்காமல் ஒரு தாளில் வரைந்துகொண்டே சென்றார். புள்ளிகள், ராகத்தின் ஸ்வரத்தானங்கள். ஸட்ஜமும் பஞ்சமமும் நிறைந்த புள்ளிகள். இழை அவற்றின்மீது நின்று இளைப்பாறலாம். மற்றவை வெற்றுப் புள்ளிகள்; இழை அவற்றைச் சுற்றியும் செல்லலாம், தொட்டும் செல்லலாம். குழந்தை விரலால் இழையை இழுக்க இழுக்க அதன் வளைவு அப்படியே ஒலிக்கும். விரல் விரைந்தால் கமகம் விரையும். இழை தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால் ஓர் ஆவர்த்தனம் நிறையும். உடனே அது மீண்டும் சுழலத் தொடங்கும். மதிப்பெண் இல்லை, பச்சை இல்லை, சிவப்பு இல்லை.

கோலம் இசையாகிவிடாது என்பதை அவர் அறிந்தேயிருந்தார். கோலத்தில் இழை எத்திசையிலும் திரும்பலாம். இசையில் காலம் பின்னோக்கிச் செல்லாது. எல்லாக் கமகமும் சுற்றிவருவதில்லை. சறுக்குவதும் உண்டு, சொடுக்குவதும் உண்டு. தோடியின் காந்தாரத்தில் எவ்வளவு அசைவு தகும் என்பதைப் புள்ளிகள் கற்பிக்கா. அதற்குப் பாட்டியின் மடியருகே அமர்ந்தே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வடிவத்தில் தவறு நேரும். குழந்தையின் முதல் இழை பெரும்பாலும் ஊளையாகவே ஒலிக்கும். முதல் அரை நிமிடத்தில் மகிழ்விக்காத செயலி நீக்கப்பட்டுவிடும் என்று நிறுவனக் கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். அவர் சொல்வது பொய்யாகவும் இராது.

அந்தக் கூட்டத்தில் கட்டமே வென்றது. இழை, ‘பிற்பாடு சேர்க்கவேண்டியவை’ என்ற பட்டியலில் இடம்பெற்றது. ஒரே ஒரு மாற்றம் ஏற்கப்பட்டது: செயலியை முதன்முறை திறக்கும் குழந்தையின்முன் மேஜர் ஸ்கேல் தானாக நிற்காது, நான்கு ஸ்வரவரிசைகள் நான்கு பறவைக்கூடுகளாகத் தோன்றும், குழந்தையே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அவற்றுள் ஒன்று மாயாமாளவகௌளை.

மகள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, தாம் தோற்றுவிட்டதாகவே சொன்னார். பாட்டி தட்டில் சோறு வைத்துக்கொண்டே கேட்டார்: “பிற்பாடுன்னா எப்போம்மா?”

மகளிடம் விடை இல்லை. கூடத்தில் பேத்தி மாதிரித் தாளைத் தரையில் விரித்து, வெற்றுப் புள்ளி ஒன்றை விரலால் சுற்றிச் சுற்றி வளைத்து, அந்த வளைவைத் தன் குரலால் பாட முயன்றுகொண்டிருந்தாள். சுருதி விலகியது. அவளே அதை உணர்ந்து நிறுத்தினாள். விரலைச் சற்று மெதுவாக்கிக்கொண்டு மீண்டும் தொடங்கினாள். சோற்றுக் கரண்டியோடு நின்ற பாட்டி திருத்தவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.